நடுக்கோடு அழியாமல்

கடைக்கு வரப்போகும் பொருளின் மாடல் ஒன்றைக் கையில் வாங்கினால் நான் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். மேல்பக்கம் பெயிண்ட் மினுங்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடிப்பக்கத்தில் நடுக்கோடு கீறியிருக்கிறதா, குறுக்குக்கோடு அதைச் சரியான செங்கோணத்தில் வெட்டுகிறதா, அடி சர்ஃபேஸ் பிளேட்டில் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்ப்பேன். இந்த மூன்றும் கடைசிவரை உயிரோடு இருந்தால் செய்தவருக்குத் தொழில் தெரியும். இல்லையென்றால் மேலே எவ்வளவு பாலிஷ் ஏற்றியிருந்தாலும் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

நான் தொழில் படித்தது கோவையில், பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. மோட்டார் என்றால் காஸ்டிங் வேண்டும், காஸ்டிங் என்றால் பேட்டர்ன் வேண்டும். பம்ப் கம்பெனிகளுக்கு வால்யூட், இம்பெல்லர், மோட்டார் பாடி என்று இழைத்துக்கொண்டிருந்த கைகள், கிரைண்டர் மிக்ஸி கம்பெனிகள் டிசைனர்களை வைத்துக்கொள்ளத் தொடங்கியபோது மாடல் வேலைக்கும் வந்தன. நானும் அப்படி வந்தவன்தான்.

பேட்டர்னுக்கும் மாடலுக்கும் வேலை ஒன்று போலத் தெரியும். பேட்டர்னுக்கு அழகு வேண்டாம். மணல் அச்சைக் கிழிக்காமல் வெளியே வர வேண்டும், அளவு நிற்க வேண்டும், அவ்வளவே. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும், அலுமினியம் 13 மி.மீ. வரை போகும். அதற்கேற்ப நீட்டிப் பிரித்த ஸ்கேல் பட்டறையில் தனியாகத் தொங்கும். சாதா ஸ்கேலை அதன் பக்கத்து ஆணியில் மாட்ட மேஸ்திரி விட மாட்டார். மாடல் வேலைக்கு வந்ததும் முதலில் மறக்க வேண்டியது அந்த ஸ்கேலைத்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். ஆனால் அதைக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பது மோல்டு போடுகிறவர் பொறுப்பு. மாடலில் இருக்க வேண்டியது கடைக்கு வரும் பொருளின் அளவு மட்டும்.

மறக்கக் கூடாதது டேப்பர். திரையில் வரைகிறவர்கள் சுவரை நேராக நிறுத்திவிடுவார்கள். மோல்டிலிருந்து கழன்று வர ஒரு பக்கத்துக்கு ஒரு டிகிரியாவது சாய்வு வேண்டும். டெக்ஸ்சர் போட்ட முகம் என்றால் அதற்கு மேல். ஒரு டிகிரி என்று காதில் விழும்போது ஒன்றுமில்லாதது போல இருக்கும். 150 மி.மீ. உயரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு பக்கம் 2.6 மி.மீ. உள்வாங்குகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்தால் 5 மி.மீ.க்கு மேல். பெட்டி போல வரைந்த பாடி, கூடை போலத் தெரிய ஆரம்பித்துவிடும். இதைத் தாளில் வாதாடிப் பயனில்லை. சாய்வோடு ஒன்று, சாய்வில்லாமல் ஒன்று என்று ஃபோமில் வெட்டி மேசைமேல் வைத்துவிட்டால் டிசைனரே சாக்பீஸை எடுத்துக்கொண்டு கோட்டைத் திருத்துவார்.

எங்கள் மேஸ்திரி அதிகம் பேசாதவர். கை வேலையில் இருக்கும்போது பேச்சே கிடையாது. என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “கோடு போச்சுன்னா கட்டையும் போச்சு கண்ணு. இழைச்சு முடிச்சதும் மொதல்ல கோட்டைத் திரும்பப் போட்டுட்டு அப்பறமா பீடி குடிக்கப் போ.” அவர் பீடி குடிப்பார், நான் குடிப்பதில்லை, கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை அரம் போட்டதும், ஒவ்வொரு முறை பட்டி தேய்த்ததும் நடுக்கோடு அழிகிறது. அழிந்த உடனே ஹைட் கேஜ் வைத்துத் திரும்பக் கீற வேண்டும். நாளைக்குக் கீறிக்கொள்ளலாம் என்று விட்டால், நாளைக்கு எதிலிருந்து அளப்பது?

ஒரு மாடல் எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல டேபிள் டாப் கிரைண்டரையே எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்த ஊர் மாடல்காரனுக்கு அதிகம் வந்து சேரும் வேலையும் அதுதான். 2 லிட்டர் கிரைண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எவர்சில்வர் டிரம், கல், மோட்டார், பெல்ட். வெளியே பாடி, மேலே கண்ணாடி போன்ற மூடி, முன்னால் ஒரு சுவிட்ச். டிசைனர் மூன்று பக்கப் படமும் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார். அதை அட்டையில் ஒட்டி வெட்டினால் டெம்ப்ளேட். கையில் இதுவும், டிரம்மும், மோட்டாரும் இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டேன். உள்ளே போகும் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் வெளியே எங்கே உடம்பைக் குறைக்கலாம் என்று கை யோசிக்கும்.

முதல் மாடல் ஃபோமில். நீல நிற எக்ஸ்பிஎஸ் பலகை என்றால் நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி வெட்டலாம். வெண்ணெய் போல இறங்கும். மஞ்சள் பி.யு. ஃபோமில் அந்தக் கம்பியை வைக்கவே கூடாது. அது உருகாது, கருகும், வரும் புகை விஷம். அதற்கு ரம்பமும் அரமும்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லாருமே இதைச் செய்துவிட்டு முகம் வாடி நிற்கிறார்கள்: தெர்மோகோல் மேலும் நீல ஃபோம் மேலும் கார் பாடிக்குப் போடும் பட்டியை அப்பக் கூடாது. பட்டியில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். ஸ்ப்ரே பெயிண்டும் அப்படித்தான். ஃபெவிகால் கலந்த சுவர்ப் பட்டியை இரண்டு மூன்று கோட் கொடுத்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல்தான் மற்றதெல்லாம்.

ஃபோம் மாடலை அழகாக்க முயல்வது வீண். அது கேள்வி கேட்டுப் பார்ப்பதற்கு இருக்கும் மாடல். கிரைண்டர் மூடி உட்காரும் ஓரத்தில் ஒரு பள்ளம் வரைந்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியான கோடு. அதை ஃபோமில் வெட்டி, சுவர்ப் பட்டி பூசி, அரைத்த மாவைக் கொண்டுவந்து அதில் தடவினேன். விரலால் வழித்தால் நுனி அடிவரை இறங்கவில்லை. பள்ளத்தின் அடியில் மாவு தங்கிவிட்டது. வீட்டில் அது காய்ந்து கெட்டியாகும், மறுநாள் ஊசியால் நோண்ட வேண்டியிருக்கும். பள்ளத்தை அகலமாக்கி, அடியை உருட்டி, திரும்பவும் மாவு தடவி, சுண்டு விரலால் ஒரே இழுப்பில் சுத்தமாகும் வரை அரைவட்ட அரத்தைப் போட்டோம். அதற்குப் பிறகுதான் அந்த ரேடியஸை அளந்து டிராயிங்கில் எழுதினார்கள்.

பார்க்கும் உயரமும் முக்கியம். சமையல் மேடை சுமார் 34 அங்குலம் இருக்கும். அதன் மேல் நிற்கும் கிரைண்டரை வீட்டில் இருப்பவர் மேலிருந்து சாய்வாகத்தான் பார்க்கிறார். கண் மட்டத்தில் வைத்து முன்பக்கத்தை ரசித்துக்கொண்டிருப்பது போட்டோ எடுக்கிறவருக்குச் சரி. என் பட்டறையில் மேடை உயரத்துக்கு ஒரு பெஞ்ச் தனியாகப் போட்டிருக்கிறேன். எந்த மாடலானாலும் அதில் ஏறி இறங்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. மூடியின் வளைவு தட்டையாகத் தெரிகிறது, சுவிட்ச் பாடிக்குள் மறைகிறது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

வடிவம் முடிவானதும் கெட்டியான பி.யு. பலகை. கன சென்டிமீட்டருக்கு 0.6, 0.7 கிராம் எடை உள்ள பலகை இந்த அளவு வேலைக்குப் பொருந்தும். இழைகள் இல்லாததால் உளி எந்தப் பக்கமும் ஒரே மாதிரி போகும். மரத்தில் பழகியவனுக்கு முதலில் ருசி இல்லாதது போல இருக்கும். மரம் கைக்குப் பதில் சொல்லும். எதிர் இழையில் போனால் சத்தமே மாறும். ஆனால் மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயில் காலத்தில் இறங்கும். மாதக்கணக்கில் மீட்டிங் மீட்டிங்காக நகரும் மாடலுக்கு அது ஆகாது.

பலகையை அடுக்கி ஒட்டும்போது, பேட்டர்ன் பட்டறையில் கற்ற ஒரு வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. இரண்டு பாதியாகப் பிரியும் பேட்டர்னுக்கு டோவல் முளை போடும்போது நடுவிலிருந்து சம தூரத்தில் போட மாட்டோம். ஒன்று கொஞ்சம் உள்ளே, ஒன்று கொஞ்சம் வெளியே. அப்போது பாதியைத் திருப்பிப் பொருத்தவே முடியாது. அவசரத்தில் யார் எடுத்தாலும் சரியாகத்தான் உட்காரும். மூடியும் பாடியும் சேரும் இடத்தில் அதே போலத்தான் முளை வைக்கிறேன். மூடியைப் பாடியோடு சேர்த்து வைத்துத் தேய்ப்பதால் திசை மாறினால் எல்லாமே வீண்.

இனி சொல்லப் போவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி: பட்டி, பிரைமர், தேய்ப்பு. பட்டியை 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர் என்ற கணக்கில் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் போட்டால் ஹார்டனரின் நிறம் பின்னால் வெள்ளைப் பெயிண்ட்டைத் தாண்டி மேலே கசியும். அதை மறைக்க வழியே இல்லை, சுரண்டி எடுக்க வேண்டியதுதான். ஒரே கோட்டில் தடிமனாக அப்பக் கூடாது. மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி. பிரைமரும் அப்படியே. இன்று மட்டமாக இருக்கும் பட்டி ராத்திரியில் கொஞ்சம் உள்வாங்கும். காலையில் வந்து பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும். அதனால் சாயங்காலம் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்கும் தம்பியிடம் நாளைக்கு என்றுதான் சொல்வேன்.

தேய்க்கும்போது விரலை நேரடியாக வாட்டர் பேப்பரில் வைத்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். தட்டை முகத்துக்குக் கெட்டிக் கட்டை, வளைவுக்கு ரப்பர் கட்டை. எல்லா முகத்தையும் குறுக்கும் மறுக்குமாகத் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் போனால் கை தன் பழக்கத்தை முகத்தில் எழுதிவிடும். வலக்கைக்காரர் தேய்த்த மாடலில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கும். அதற்காகத்தான் பாதி வேலையில் மாடலைத் திருப்பி வைத்து, வலப்பக்க டெம்ப்ளேட்டைக் கவிழ்த்து இடப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நடுக்கோடு இருந்தால்தான் டெம்ப்ளேட்டை எங்கே வைப்பது என்று தெரியும்.

பிரைமர் காய்ந்ததும் அதன் மேல் கறுப்பு பெயிண்ட்டைத் தூரத்திலிருந்து புகை போல ஒரு வீச்சு வீசுங்கள். பிறகு 400 பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால் மேட்டில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். கறுப்பு தங்கிய இடம்தான் அடுத்துப் பட்டி வாங்கும் இடம். கறுப்பு போகும் வரை அந்த இடத்தையே தேய்ப்பது பெரிய தப்பு; பள்ளம் ஆழமாகும். சுற்றியிருக்கும் மேட்டைத்தான் இறக்க வேண்டும், அல்லது பள்ளத்தை நிரப்ப வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளவே பலருக்கு நாள் பிடிக்கிறது.

மேஸ்திரிக்குக் கறுப்பு வீச்செல்லாம் வேண்டியிருந்ததில்லை. தோளில் கிடக்கும் துண்டின் ஓரத்தை முகத்தின் மேல் விரித்து, அதன் மேல் இடது உள்ளங்கையை வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே மெல்லிய இழுப்பு. கண் வேறெங்கோ இருக்கும். நடுவில் கை நிற்கும். வலக்கை காதிலிருந்து பென்சிலை எடுத்து அங்கே ஒரு சின்ன வட்டம் போடும். சர்ஃபேஸ் கேஜில் டயலை மாட்டி ஓட்டிப் பார்த்தால் அந்த வட்டத்துக்குள்தான் ஊசி அசையும். துணி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “வெறுங்கை சொரசொரப்பைச் சொல்லும், துணி மேடு பள்ளத்தைச் சொல்லும்” என்றார். அது முற்றிலும் உண்மை. வெறும் தோல் முகத்தில் ஒட்டி ஒட்டி நகர்கிறது. பேப்பர் கீறலும் தூசியும்தான் தெரிகின்றன. துணி மேல் கை வழுக்கிக்கொண்டு போகும்போது சின்ன உரசலெல்லாம் அடங்கி வடிவம் மட்டும் கைக்கு வருகிறது. வேலை செய்யும் கையைவிட மற்ற கைக்கு உணர்வு கூர்மை என்று அவர் நம்பினார். பழகிய பின் எனக்கும் இடக்கைதான்.

கை சொன்னதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. 800-இல் தேய்த்த முகத்தைத் தண்ணீரால் நனைத்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். லைட்டின் வெள்ளைக்கோடு முகத்தில் ஓடும். ரேடியஸ் தொடங்கும் இடத்தில் அந்தக் கோடு ஒடிந்தால், அளவு சரியாக இருந்தாலும் வளைவு சரியில்லை. கேஜில் கச்சிதமாகப் பொருந்தும் வட்ட ரேடியஸ்கூடத் தட்டை முகத்தோடு சேரும் இடத்தில் ஒரு ஒடிவைக் காட்டும். தட்டையிலிருந்து வளைவுக்குள் போகும்போது முனையை மெல்ல மெல்ல இளக்கிவிட வேண்டும். ரப்பர் கட்டையில் 600 பேப்பர், அழுத்தமே இல்லாமல். கார் கம்பெனிகளில் களிமண் மாடல் மேல் பளபளப்பான ஃபிலிமை இழுத்து ஒட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான். எங்களுக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

டிசைன் படித்துவிட்டுப் பட்டறைக்கு வந்த ஒரு தம்பி நல்ல உழைப்பாளி. கிரைண்டர் பாடியை அவ்வளவு சுத்தமாகத் தேய்த்து வைத்திருந்தார், என் கையே நிற்கவில்லை. அடிப்பக்கம் அழுக்காக இருக்கிறதே என்று, அதையும் மெஷினில் காட்டி வழவழவென்று ஆக்கியிருந்தார். கோடுகள் போயின. அடி ஒரு ஓரம் லேசாக இறங்கியதும் கண்ணுக்குத் தெரியவில்லை. பாடியும் அடித்தட்டும் பிரியும் கோட்டைக் கீற மாடலை சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, ஹைட் கேஜின் கத்தியை நிலையாக நிறுத்தி, மாடலைச் சுற்றினோம். சுற்றி வந்து சேர்ந்தபோது கோடு மூடியின் ஓரத்துக்கு ஒரு பக்கம் கிட்டத்தில், மறுபக்கம் ஒரு மில்லி தள்ளி. நான் திட்டவில்லை. அடிப்பக்கத்தை மூடியின் ஓரத்திலிருந்து அளந்து திரும்ப மட்டமாக்கி, கோடுகளைக் கீறி, பிரிகோட்டில் பட்டி நிரப்பி, மறுபடி வெட்டினார். முழுவதும் அவரே செய்தார். இப்போது அவர் பட்டறைக்கு வரும் பிள்ளைகளிடம் அடிப்பக்கத்தில் “தொடாதே” என்று மார்க்கரில் எழுதிக் கொடுக்கிறாராம்.

பிரிகோடு வெட்டும் கத்தியைக் கடையில் தேட வேண்டாம். உடைந்த ஆக்ஸா பிளேடு போதும். பல்லைக் கிரைண்டிங் வீலில் எடுத்துவிட்டு, நுனியைக் கொக்கி போல வளைத்துத் தீட்ட வேண்டும். அடிக்கடி தண்ணீரில் முக்கிக்கொண்டே பிடியுங்கள். சாதா பிளேடு நீலம் பூத்தால் கூர் நிற்காது. கொக்கியின் அகலம்தான் கோட்டின் அகலம். அரை மில்லி முதல் 0.8 வரை. வளைந்த முகத்தில் மெல்லிய ஷிம் தகட்டை டபுள் டேப்பில் ஒட்டி அதன் ஓரமாக இழுக்க வேண்டும். முதல் சில இழுப்புக்குக் கத்தியின் சொந்த எடை மட்டும். கோடு பிறக்கும் முன்பே கனம் கொடுத்தால் கத்தி தாவும், தாவினால் முகம் முழுக்கக் கீறல். கோடு பிறந்த பிறகு தகட்டைக்கூட எடுத்துவிடலாம். கத்தி தன் பள்ளத்திலேயே போகும். கோட்டின் இரு விளிம்பையும் 1000 பேப்பரை மடித்து ஒருமுறை தடவி லேசாக மழுக்குங்கள். கூரான விளிம்பிலிருந்து பெயிண்ட் விலகி நிற்கும், அங்கே அடிநிறம் தெரியும்.

பெயிண்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நல்ல கார் பெயிண்டரிடம் போய் நின்று பாருங்கள். மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. காற்றில் ஈரம் இருக்கும்போது என்.சி. பெயிண்ட் வெளுத்துப் பூக்கும்: தின்னர் வேகமாக ஆவியாகி முகம் குளிர்ந்து, ஈரம் அதில் படிகிறது. ரிட்டார்டர் கலக்க வேண்டும், அல்லது வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஹார்டனர் சேர்க்கும் பி.யு. பெயிண்ட் என்றால் துணி மாஸ்க் எதற்கும் உதவாது. சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல் யாரையும் ஸ்ப்ரே கன்னைத் தொட விடுவதில்லை. எம்.டி.எஃப். தூசிக்கும் பி.யு. தூசிக்கும் இதே கண்டிப்புதான். பழைய ஆசாரிகள் பலரின் இருமல் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது.

முடிந்த மாடலுக்குள் எடை வைப்பேன். 2 லிட்டர் கிரைண்டர்கள் பல, கல்லும் மோட்டாரும் சேர்ந்து பத்து கிலோவைத் தாண்டும். வெறும் பலகையில் செய்த மாடலைத் தூக்கிப் பார்த்து, கைப்பிடி பிரமாதம் என்று சொல்லிவிடுவார்கள். மோட்டார் உட்காரும் இடத்தில் இரும்புத் துண்டுகளை வைத்துத் திருகிக் கொடுத்தால்தான் அடிப்பக்க விளிம்பு விரலை அறுப்பது தெரியும், நான்கு விரலும் உள்ளே போகாதது தெரியும். ஒரு அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் கையை உதறினால், அந்த விளிம்பின் ரேடியஸ் அன்றைக்கே மாறும்.

இப்போது பிரிண்டரும் சிஎன்சியும் வந்துவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை. சுவிட்ச் நாப், உள் ரிப் போன்றவற்றை நானும் பிரிண்ட் எடுத்துத்தான் பொருத்துகிறேன். 0.2 மில்லி அடுக்கில் வந்த பொருளைத் தேய்த்து முகமாக்குவது பழைய வேலைதான். பிஎல்ஏவை உலர்வாக வேகமாகத் தேய்த்தால் சூட்டில் இளகி இழுபடும், 60 டிகிரிக்கே அது மெத்தென்றாகிவிடும். தண்ணீர் விட்டு, அடுக்குக் கோட்டுக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். பிரிண்ட் எடுக்கும் முன்பே திரையில் அடிப்பக்கத்தில் நடுக்கோட்டையும் குறுக்குக்கோட்டையும் பள்ளமாகப் போட்டு அனுப்பச் சொல்வேன். அது ஒரு நிமிட வேலை, கேட்டால்தான் செய்கிறார்கள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் தருவது தேக்குக் கட்டை ஒன்றும், மழுங்கிய உளி ஒன்றும், இழைப்புளியும். உளியைக் கல்லில் தீட்டி, முன்கை முடியை மழிக்கும் கூருக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கட்டையில் ஒரு முகத்தை மட்டமாக்கி அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஆதார முகம், இனி அதன் மேல் இழைப்புளி படக் கூடாது. மற்ற ஐந்து முகமும் அதிலிருந்துதான் அளக்கப்படும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூலைமட்டத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒளி கசியக் கூடாது. சிலர் ஒரு வாரத்தில் முடிக்கிறார்கள், சிலருக்கு மாதம் ஆகிறது, இரண்டிலும் எனக்குக் குறையில்லை. ஆறு முகமும் ஒத்து வந்ததும் டெம்ப்ளேட்டையும் ஃபோமையும் கையில் கொடுக்கிறேன்.